புயல் சின்னத்துக்கு முன்பே ஒரு வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று அவசரகாலத்துக்கென்று பொருள் சேர்த்து வைப்பதற்கு ஏற்ற மாதம் புரட்டாசி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழைதான் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருகிறது. அண்மைக்காலத்தில் இந்தக் கரையைப் புரட்டிப்போட்ட புயல்களும் அதே மூன்று மாதங்களில்தான் வந்தன: 2011 டிசம்பர் 30-ல் தானே, 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2018 நவம்பர் 16-ல் கஜா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பழமொழியே மாதத்தைக் குறித்துக் கொடுத்திருக்கிறது. ஆபத்து எந்த மாதம் வரும் என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஊரில், சாமான் வாங்குவது மட்டும் ரெட் அலர்ட் வந்த அன்றைய மாலைக்குத் தள்ளிப்போகிறது.

அந்த மாலையில் கடைவீதி எப்படி இருக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. மிக்ஜாம் சமயத்தில் சென்னையில் பால் பாக்கெட் கிடைக்காமல் மக்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். கிடைத்த இடங்களிலும் அச்சிட்ட விலையைவிடப் பல மடங்கு கூடுதலாக விற்றது. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் முழுமையான ஊரடங்கு என்று ஏப்ரல் 24-ல் அறிவிப்பு வந்தபோது, இடையில் இருந்த ஒரே நாளில் காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் முண்டியடித்த கூட்டம், எந்தத் தொற்றைத் தடுக்க ஊரடங்கு போடப்பட்டதோ அந்தத் தொற்றையே பரப்பும் கூட்டமாக இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு வீடு இரண்டு மடங்கு வாங்கினால் இன்னொரு வீடு வெறும் பையோடு திரும்பும். புரட்டாசியில் வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி வாங்கி வைப்பவர்கள் யாருடைய பங்கையும் பறிப்பதில்லை. இருப்பு வைப்பதற்கும் பதுக்குவதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை, வாங்கும் நாளிலும் இருக்கிறது.

எத்தனை நாளுக்கு?

மூன்று நாள் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அடிப்படைக் கணக்கு. நிலநடுக்கத்துக்குப் பழகிய ஜப்பானில் அரசு குறைந்தது மூன்று நாளுக்கும், முடிந்தால் ஒரு வாரத்துக்கும் வீட்டில் இருப்பு வைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டு அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. மிக்ஜாம் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் தெருவில் நின்ற தண்ணீர் வடியப் பல நாள் ஆயிற்று. கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் உள்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. ஆகவே நகரத்து வீட்டுக்கு மூன்று நாள், கடலோரக் கிராமத்துக்கும் ஒற்றைச் சாலையை நம்பியிருக்கும் ஊருக்கும் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். கடலோரம் இல்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது; அதன் மழையோ கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இருப்பைத் தனியே கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு மறந்துபோவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. அடுத்த ஆண்டு திறந்தால் ரவையில் வண்டு, பேட்டரியில் கசிவு, மாத்திரை காலாவதி. அன்றாடம் புழங்கும் பொருளையே சற்றுக் கூடுதலாக வாங்கி, பழையதை முன்னால் வைத்து எடுத்து, புதியதைப் பின்னால் அடுக்கிவரும் வழி இதைவிட நல்லது. டின்னில் எப்போதும் ஒரு வாரத்து அரிசி மிச்சம் இருக்கும், கெடுவதற்கு எதுவும் இருக்காது. வேப்பிலையும் வசம்பும் போட்டு நெல்லைக் குதிரிலும் பருப்பைப் பானையிலும் காத்தவர்களுக்கு, சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போட்டு அடைமழைக்கு எடுத்தவர்களுக்கு, இந்தப் பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. தினமும் மளிகை வாங்கும் நகரத்து வாழ்க்கையில்தான் அது விட்டுப்போயிற்று.

தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒரு வாரத்து மளிகையை ஒரே நாளில் வாங்கும் வசதி இருக்காது. அங்கே பழைய பிடி அரிசி வழக்கம் இன்றும் பயன்படும்: உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவந்தால், ஆவணியில் தொடங்கி ஐப்பசிக்குள் சில கிலோ சேர்ந்துவிடும். ரேஷனில் அந்த மாதத்துப் பொருளை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவதும் உதவும். கடை தண்ணீரில் மூழ்கிய பிறகு கையில் குடும்ப அட்டை இருந்து பயனில்லை.

முதலில் தண்ணீர்

சோறில்லாமல் ஒரு நாள் தாங்கலாம். வெள்ளத்தின் நடுவில் முதலில் தட்டுப்பாடு வருவது குடிநீருக்கு. பேரிடர் நிவாரணத்தில் பன்னாட்டு அளவில் பின்பற்றப்படும் ஸ்ஃபியர் நெறிமுறைகள் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று வைக்கின்றன. அதில் குடிப்பதற்கு மட்டும் இரண்டரை முதல் மூன்று லிட்டர். சமையலுக்கு மூன்று முதல் ஆறு. மிச்சம் கைகால் கழுவவும் துலக்கவும். நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் சிக்கனமாகப் பார்த்தாலே நாளொன்றுக்கு ஒரு கேனுக்கு மேல் ஆகும். மூன்று நாளுக்கு 20 லிட்டர் கேன் நான்கு தேவை. பெரும்பாலான வீடுகளில் இருப்பதோ ஒன்று பாதியும் ஒன்று காலியும்.

புழங்கும் தண்ணீரின் சிக்கல் வேறு. மின்சாரம் போனதும் மோட்டார் நின்றுவிடும். மேல்தொட்டியில் இருப்பதுதான் இருப்பு. புயல் எச்சரிக்கை வந்ததுமே தொட்டியை நிரப்பி, வாளி, அண்டா, குடம், டிரம் எல்லாவற்றையும் நிரப்பி மூடிவைப்பது பாட்டி காலத்து அறிவு என்றாலும், அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. நாற்பது வீட்டுக்குப் பொதுத் தொட்டி ஒன்று இருக்கும் இடத்தில் கடைசி மாடிக்காரர் குழாயைத் திறந்துவிட்டுத் துணி துவைத்தால் எல்லோருக்கும் மறுநாள் காலை வறண்டுவிடும். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துவந்துதான் பல இடங்களில் மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள்.

தரையடித் தொட்டி, அதாவது சம்ப், வெள்ளத்தில் முதலில் கெடும். தெருத் தண்ணீரும் சாக்கடையும் கலந்து உள்ளே இறங்கியபின் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் குடிக்க உகந்ததாகக் கொள்ள முடியாது; கிருமி சாகும், கலந்த எண்ணெயும் ரசாயனமும் போகா. சம்ப் மூடியின் விளிம்பை முன்கூட்டியே அடைத்து வைப்பதும், வெள்ளம் வடிந்ததும் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே மறுபடி நிரப்புவதும் முறை. குடிநீரைப் பொறுத்தவரை, வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டால் போதும். அடுப்பு எரிக்க வழியில்லாத நாளுக்குக் குளோரின் மாத்திரை இருக்க வேண்டும். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது அட்டையில் அச்சாகியிருக்கும்; போட்டபின் அரை மணி நேரம் காத்திருந்து குடிக்க வேண்டும். மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சிறு பட்டை நூற்றில் ஒரு வீட்டில் இருந்தாலே பெரிது.

சமையற்கட்டு

அவசரகால உணவு என்றதும் டின்னில் அடைத்த வெளிநாட்டுப் பண்டங்களைத் தேடவேண்டியதில்லை. அடுப்பே இல்லாமல் தின்னக்கூடியவை தமிழ்ச் சமையற்கட்டில் நிறையவே உண்டு. அவலை நனைத்து வெல்லம் சேர்த்தால் ஒரு வேளை ஆகும். பொரி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க், பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் வயிற்றுக்குத் தெம்பு தருபவை. சத்துமாவைக் கொதிநீரில் கரைத்தால் குழந்தைக்கும் கிழவருக்கும் கஞ்சி. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் மூன்றும் இருந்தால் வெறும் சோறே விருந்து. காய்கறி வரத்து நின்றுபோகும் என்பதால் உருளை, சேனை, கருணை, வெங்காயம், பூசணி போல நாள்பட நிற்பவற்றை வாங்க வேண்டும். கீரையும் தக்காளியும் இந்தக் கணக்கில் வரா. பாலுக்குப் பால் பவுடர் அல்லது டெட்ரா பாக்கெட் பால். கைக்குழந்தை புட்டிப்பால் குடிக்கும் வீட்டில் அதன் பால்மாவு ஒரு டின் உடைக்காமல் இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

அரிசி நான்கு பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ. ஒரு வாரத்துக்கு ஏழு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் என்பது பெரும்பாலான குடும்பங்களின் மாதச் சாமானுக்குள்ளேயே அடங்கிவிடும். புயல் மாதக் கடைசியில் வந்து, டின் அடிதட்டும் நேரமாகப் போய்விட்டால்தான் சங்கடம். மூன்று மாதங்களுக்கு மட்டும் மாதச் சாமானை இருபதாம் தேதியே வாங்கிவிட்டால் இது தீர்ந்தது.

இப்படிப்பட்ட இருப்பு என்ன செய்யும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், முன்னே தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். சாலை இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. ஹெலிகாப்டரில் உணவு வந்து சேரும்வரை அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்திலுள்ள புதுக்குடி ஊர்மக்கள். தாங்களும் மழையில் தவித்துக்கொண்டிருந்தவர்கள், ஊரில் இருந்த அரிசி பருப்பைப் பொங்கித்தான் ரயிலுக்குப் பரிமாறினார்கள்.

அடுப்பு எரிய எரிபொருள் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு கரண்ட் போன நிமிடமே வெறும் பலகை. இரண்டு சிலிண்டர் இணைப்பு உள்ளவர்கள் பருவமழை தொடங்குமுன் இரண்டாவதை நிரப்பி வைக்க வேண்டும். ஒற்றை இணைப்புக்காரர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும் 5 கிலோ சிறிய சிலிண்டர் இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரைக் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும். காலியாகத் தொடங்கிய சிலிண்டர் வெள்ளத்தில் மிதந்துபோகும். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மழைக்குப் பயந்து மூடிய அறைக்குள் வைப்பது உயிருக்கே உலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை.

வெளிச்சமும் பேச்சும்

மெழுகுவத்தியைவிட எல்.இ.டி. டார்ச் நல்லது. காற்றடிக்கும் இரவில், திரைச்சீலையும் குழந்தைகளும் உள்ள வீட்டில், திறந்த சுடர் இன்னோர் ஆபத்தைக் கூட்டிவருகிறது. ஆளுக்கு ஒரு டார்ச், எல்லாம் ஒரே அளவு பேட்டரியில் இயங்குபவையாக இருந்தால் மாற்றுப் பேட்டரி வாங்குவது எளிது. இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அதன் பேட்டரி எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும், பெரும்பாலும் தரையில்தான். ஒரு முழம் தண்ணீர் ஏறினால் அதோடு அது முடிந்தது.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று சாதாரண போனை இரண்டு முறை சார்ஜ் செய்யும் என்று அட்டைக் கணக்கு சொல்லும். இழப்பு போகக் கிடைப்பது ஒன்றேகால், ஒன்றரை முறை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் செல்போன் சேவை பெருமளவு முடங்கியது. டவர் இயங்கினாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது பேச்சு போகாது. குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். வெளியூர் உறவினர் ஒருவரைப் பொது ஆளாக வைத்துக்கொண்டு குடும்பத்தினர் எல்லோரும் அவருக்கே தகவல் சொல்வது என்ற ஏற்பாடு செலவில்லாதது. எல்லாம் நின்றுபோனாலும் பேசிக்கொண்டிருப்பது பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ. சில போன்களில் எஃப்.எம். இருக்கிறது, ஹெட்செட் வயரைச் செருகினால் அதுவே ஏரியலாகி, நெட்வொர்க் இல்லாமலே வானொலி கேட்கும்.

மருந்துப் பெட்டி

ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, இதயநோய் மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு வார மாத்திரை எப்போதும் கையில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை பெறுபவர்கள், பட்டை தீரும்வரை காத்திராமல் மழைக்காலத்துக்கு முன்பே அடுத்த தவணையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மருந்துச் சீட்டின் நகலும் பெட்டியிலேயே இருந்தால் நிவாரண முகாம் மருத்துவருக்கு வேலை எளிது.

இன்சுலின் பற்றிய பதற்றம் பல வீடுகளில் உண்டு. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் பயன்பாட்டில் உள்ள குப்பி 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் கெடாமல் இருக்கும். வகைக்கு வகை நாள் மாறும் என்பதால் உறையைப் படித்துக்கொள்ள வேண்டும். பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, குப்பியை உள்ளே வைத்தால் கரண்ட் இல்லாத நாட்களுக்கு அது போதும். மழை நாளில் வெப்பமும் தணிந்தே இருக்கும். ஐஸ் கட்டியோடு ஒட்டவைப்பது கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

வெள்ளத்துக்குப் பிந்தைய வாரத்தில் வருபவை வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், சேற்றுப்புண், டெங்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்தாவது இருக்கட்டும். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல். பாராசிட்டமால், கிருமிநாசினி, பஞ்சு, கட்டுத்துணி, கொசுவத்தி இவை எல்லோரும் அறிந்தவை. வெள்ளத் தண்ணீரில் கால் வைக்க வேண்டியவர்களுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் எந்த மருந்தையும்விட நல்ல காப்பு. பாம்பு கடித்தால் கீறுவதோ கட்டுவதோ வேண்டாம். அசையாமல் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

பட்டியல்களில் வெட்கப்பட்டு விட்டுவிடுகிற பொருள்கள் சில: சானிட்டரி நாப்கின், குழந்தைக்கும் படுத்தபடுக்கையான முதியவருக்கும் டயப்பர், தடித்த குப்பைப் பை. கழிவறைக் குழாய் வழியாகச் சாக்கடை பின்னேறும் வீட்டில், வாளிக்குள் விரித்த குப்பைப் பையும் மேலே தூவிய பிளீச்சிங் பவுடருமே சில நாளைக்குக் கழிவறை.

காகிதமும் பணமும்

2015 வெள்ளத்தில் பாத்திரம் பண்டம் போனதைவிடச் சான்றிதழ் போனதற்கே பலர் கலங்கினார்கள். அந்த டிசம்பரில் அரசு சிறப்பு முகாம்கள் நடத்திப் பட்டா, குடும்ப அட்டை, கல்விச் சான்றிதழ் போன்றவற்றின் நகல்களைக் கட்டணமின்றி வழங்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பத்திரம், பட்டா, மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பாஸ்புக், காப்பீட்டுத் தாள்கள் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், ஒரே பையில், கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் படமெடுத்து வெளியூரில் உள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைப்பதும், டிஜிலாக்கரில் ஏற்றி வைப்பதும் இரண்டாம் காப்பு.

வர்தா கரை கடந்தபோது பணமதிப்பிழப்பு அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கையில் ரொக்கமில்லை, கரண்ட் போனதால் ஏ.டி.எம்.மும் கார்டு மெஷினும் இயங்கவில்லை. இன்று கீரைக்காரர் வரைக்கும் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார், நெட்வொர்க் விழுந்தால் அதுவும் வெறும் அட்டைதான். பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக இரண்டு மூன்றாயிரம் ரூபாய் அந்தக் காகிதப் பையிலேயே இருக்கட்டும். ஐந்நூறுக்குச் சில்லறை தர அன்று எவரிடமும் இருக்காது.

வைக்கும் இடம்

சேர்த்த பொருள் எல்லாம் தரைமட்டத்தில் இருந்தால் அது வெள்ளத்துக்கு வைத்த படையல். 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டிருக்க, அடையாற்றின் கரையோரத் தரைத்தள வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்விழித்தபோது தண்ணீர் கட்டிலைத் தொட்டிருந்தது. அரிசி டின், இன்வெர்ட்டர், பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த பத்திரம் எல்லாம் ஒன்றாக மூழ்கின. மேல்தட்டு, லாஃப்ட், மாடிப்படி அறை, மாடி வீட்டுக்காரரோடு முன்பே பேசிவைத்த ஒரு மூலை ஆகியவைதான் இருப்புக்குரிய இடங்கள். குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் காற்றுதான் முதல் எதிரி. அங்கே தார்ப்பாயும் நைலான் கயிறும் உணவுக்கு நிகரான இருப்பு. கஜாவுக்குப் பிறகு டெல்டா மக்கள் திரும்பத்திரும்பக் கேட்டது தார்ப்பாய். மரம் விழும் ஊரில் அரிவாளும் ரம்பமும், மாடு உள்ள வீட்டில் மூடிய வைக்கோலும் கணக்கில் சேரும்.

வீட்டுக்குள் இருக்க முடியாத நிலையும் வரும். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்தில் யாருக்கும் எதையும் எடுக்க நேரமில்லை. ஆளுக்கொரு மாற்றுடை, ஒரு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், மூன்று நாள் மாத்திரை, டார்ச், விசில், கண்ணாடி, காகிதப் பை இவை அடங்கிய தோள்பை ஒன்று வாசல் அருகே ஆணியில் தொங்கினால், வெளியேறச் சொன்னதும் ஒரே நிமிடத்தில் கிளம்பலாம். தூக்க முடியாத கனத்துக்கு அதை நிரப்பக் கூடாது. குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பு முதல் கண்காணிப்பு அறிவிப்பையும், 48 மணி நேரம் முன்பு உஷார் அறிவிப்பையும், 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கையையும் தருகிறது. முன்பே இருப்பு வைத்த வீட்டுக்கு இந்த மூன்று நாளில் மிஞ்சும் வேலை கொஞ்சம்தான். முதல் நாள் விட்டுப்போன மருந்தும் வண்டிக்குப் பெட்ரோலும். இரண்டாம் நாள் எல்லாவற்றையும் சார்ஜ் போடுவது, மொட்டைமாடியில் பறக்கக்கூடியவற்றை இறக்குவது. கடைசி நாள் தண்ணீர் நிரப்பி, பொருள்களை மேலேற்றி, தண்ணீர் உள்ளே வரும் என்றால் மெயின் சுவிட்சை அணைப்பது. புயல் இல்லாமல் வரும் மேகவெடிப்புப் போன்ற மழைக்கு இந்த அவகாசமும் கிடைக்காது, தூத்துக்குடிக்குக் கிடைக்கவில்லை.

போன் இயங்காதபோது போனுக்குள் இருக்கும் எண்களும் உதவா. கதவின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டியவை இவை: அனைத்து அவசர உதவிக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, மாநில அவசரகாலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987.